அமெரிக்க ரயில்வே இணைப்பு: 90 நாள் நோட்டீஸ் வந்த பிறகு சங்கத்தின் கையில் என்ன மிச்சம்?

லூப்லைன்:
தோழர்களே, யூனியன் பசிபிக்கும் நார்ஃபோக் சதர்னும் இணையப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள் அல்லவா, அதை வைத்து சங்க வகுப்புக்கு ஒரு குறிப்பு தயாராகிறது. மூன்று இடத்தில் தெளிவு வேண்டும். ஒப்பந்தப் பேச்சு இழுத்தால் ஸ்டிரைக் போக முடியுமா? இணைப்பால் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கான ‘நியூயார்க் டாக்’ பாதுகாப்பில் ஆறு வருடச் சம்பளம் என்கிறார்களே, அது தானாக வருமா? இரண்டு கம்பெனியின் சீனியாரிட்டி லிஸ்டை எப்படி ஒன்றாக்குகிறார்கள்?

சிக்னல்கம்பம்:
ஸ்டிரைக் போக முடியாது. சாதாரணச் சம்பளப் பேச்சு 1926-ம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டப்படி நடக்கும். சமரசம், காத்திருப்பு எல்லாம் முடிந்தால் வேலைநிறுத்தத்துக்கு வழி உண்டு. இணைப்பு அந்தப் பாதையில் போவதில்லை. ரயில்வே இணைப்புகளை அனுமதிக்கும் அரசு அமைப்பான சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டு (எஸ்டிபி) அனுமதி கொடுத்தால், அதை நிறைவேற்றத் தேவையான அளவுக்கு மற்றச் சட்டங்களிலிருந்து கம்பெனிக்கு விலக்கு கிடைத்துவிடும். சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தக் கடமைகளும் அந்த விலக்கில் அடக்கம் என்று 1991-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அதற்குப் பதிலாகத்தான் 1979-ன் நியூயார்க் டாக் நிபந்தனைகள். நாலாவது பிரிவைக் கடிகாரத்தோடு வைத்துப் படியுங்கள். நிர்வாகம் 90 நாள் முன்னதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டி, சங்கத்துக்குப் பதிவுத் தபாலும் அனுப்ப வேண்டும். என்ன மாற்றம், எந்தப் பிரிவில் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்ற மதிப்பீடு அதில் இருக்க வேண்டும். 30 நாளில் உடன்பாடு வராவிட்டால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் நடுவரிடம் போகலாம். நடுவரைத் தேர்வு செய்ய 5 நாள்; ஒத்துவராவிட்டால் தேசிய சமரச வாரியம் நியமிக்கும். 20 நாளில் விசாரணை, அது தொடங்கியதிலிருந்து 30 நாளில் தீர்ப்பு. கூட்டினால் 85. உடன்பாடோ தீர்ப்போ வரும்வரை மாற்றத்தைத் தொடங்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தாலும் அந்த 90 நாளுக்குள்ளேயே தீர்ப்பு வந்துவிடும்படி கணக்கு அமைந்திருக்கிறது.

நோட்டீஸில் ஆள் கணக்கு மொட்டையாக இருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். பேச்சு தொடங்கி மூன்று வாரம் கழித்துக் கேட்டால் அந்த வாதத்துக்கு வலு இருக்காது.

பேசிலிப்:
ஆறு வருடச் சம்பளம் என்ற பேச்சால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது உச்சவரம்பு. சர்வீஸ் ஆறு வருடத்துக்குக் குறைவு என்றால் பாதுகாப்பும் அவ்வளவு காலம்தான். வேலை இருந்து வருமானம் குறைந்தவருக்கு வித்தியாசத் தொகை, வேலையே போனவருக்கு மாதாந்தர உதவித்தொகை. இரண்டுமே கடைசி 12 மாதச் சராசரியை வைத்துத்தான்.

உதாரணம்: 12 மாதத்தில் வாங்கியது 96,000 டாலர், சம்பளம் கிடைத்த நேரம் 2,400 மணி. சராசரி மாதம் 8,000 டாலர், 200 மணி. இணைப்புக்குப் பிறகு ஒரு மாதம் 200 மணி வேலை செய்து 7,100 வந்தால் 900 டாலர் பாக்கி வர வேண்டும். பிறகு வரும் பொதுச் சம்பள உயர்வு 8,000-த்தின் மேலும் ஏறும். பழைய தொகையையே வருடக்கணக்கில் வைத்துக் கணக்குப் போட்டால் நஷ்டம்.

அடிபடும் இடங்கள் வேறு. தன் விருப்பத்தில் லீவு எடுத்த நேரம் கழிக்கப்படும். வீடு மாறத் தேவையில்லாத, அதிகச் சம்பளமுள்ள வேலை சீனியாரிட்டிப்படி கிடைத்தும் ஒருவர் எடுக்கவில்லை என்றால், எடுத்ததாகவே வைத்துக் கணக்குப் போடுவார்கள். 900 பூஜ்யமாவது பெரும்பாலும் இப்படித்தான். வேலை செய்யாத மாதம் 12-ல் சேராது. ஆனால் உடல்நலமில்லாமல் இரண்டே நாள் டூட்டி பார்த்த மாதம் உள்ளே வந்து சராசரியை இழுத்துவிடும். எனவே எந்த 12 மாதம் என்பதைச் சங்கமே சம்பளச் சீட்டோடு சரிபார்த்து வைக்க வேண்டும்.

தானாகவும் வராது. எந்த மாற்றத்தால் பாதிப்பு என்று தொழிலாளி குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, வேறு காரணத்தால்தான் வருமானம் குறைந்தது என்று நிரூபிப்பது கம்பெனியின் பொறுப்பு. “சரக்கு குறைந்துவிட்டது” என்பதுதான் வழக்கமான பதில். நோட்டீஸ், யார்டு மாற்ற உத்தரவு, பழைய புதிய ரோஸ்டர் மூன்றையும் தேதியோடு கோத்துக் கொடுத்தால் அந்தப் பதில் நிற்காது.

லூப்லைன்:
நன்றி தோழர். அப்படியென்றால் கூட்டு ஒப்பந்தத்தில் எதையும் காப்பாற்ற முடியாதா?

சிக்னல்கம்பம்:
முடியும். ஆயுள் காப்பீடு, மருத்துவம், நோய் விடுப்பு போன்ற உரிமைகளும் சலுகைகளும் நடுவரால் தொட முடியாதவை. 1993-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த கோடு அது. யாருடைய வேலை யாருக்கு, சீனியாரிட்டி எல்லை எது என்பவை கோட்டுக்கு வெளியே நிற்கின்றன, அவற்றை நடுவர் மாற்றலாம். எஸ்டிபியின் 2001 விதிகள், ஒப்பந்தத்தை மீறுவதை மிகமிக விரும்பத்தகாததாகவே பார்ப்போம் என்கின்றன. நடுவர் முன் அதை வரிக்கு வரி காட்டுங்கள்.

மூப்புப்பட்டியல்:
சீனியாரிட்டிக்கு மூன்று வழி. முதலாவது தேதிவாரிக் கலப்பு. இது நியாயமாகத் தெரியும், ஆனால் ஒரு கம்பெனியில் பழைய ஆட்கள் அதிகம் என்றால் இன்னொன்றில் 50-வது இடத்தில் இருந்தவர் 90-க்குப் போய், பகல் டூட்டியிலிருந்து எக்ஸ்ட்ரா போர்டுக்கு (நிலையான டூட்டி இல்லாமல், கூப்பிட்டால் போகும் பட்டியல்) விழுவார். இரண்டாவது, கொண்டுவந்த வேலையின் அளவுப்படி இடம் பிரிப்பது: 60-க்கு 40 என்றால் ஒவ்வொரு ஐந்து இடத்திலும் மூன்று இவர்களுக்கு, இரண்டு அவர்களுக்கு. இதில் எந்த வருட ரயில் கணக்கு என்பதில்தான் சண்டையே. மூன்றாவது, தேதிப்படி கலந்துவிட்டு, பழைய ஏரியா ரயில் ஓட்டங்களில் பழைய ஆட்களுக்கே முதல் உரிமை.

என் கருத்தில் மூன்றாவதே சேதம் குறைந்தது. ஆனால் முதல் உரிமை ஓட்டத்தின் பெயரோடு கட்டப்பட்டால், கம்பெனி இரண்டு ஓட்டத்தை ஒன்றாக்கிய அன்றே உரிமை காணாமல் போகும். மைல்கல், ஸ்டேஷன் எல்லையோடு எழுத வேண்டும். ஒரே தேதியில் சேர்ந்தவர்களுக்கு எது முன் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பேசிலிப்:
ஒன்று சேர்க்கிறேன். பேரம் பேச வலு இருப்பது எஸ்டிபி அனுமதிக்கு முன்புதான். அப்போது சங்கத்தின் ஆதரவு கம்பெனிக்குத் தேவை. யூனியன் பசிபிக்குடன் ரயில் பணியாளர்களின் ஸ்மார்ட்-டிடி சங்கம் 2025 செப்டம்பரில் வேலை உத்தரவாத ஒப்பந்தம் போட்டது அந்தக் கட்டத்தில்தான். உத்தரவாதத்தில் ‘வேலை இருக்கும்’ என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த ஊரில், எந்தச் சம்பளத்தில், வாரிசு கம்பெனியையும் கட்டுப்படுத்துமா என்று பாருங்கள். பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேக்கள் சேர்ந்த பென் சென்ட்ரல் இணைப்புக்காக 1964-லேயே வாழ்நாள் பாதுகாப்பு எழுதி வாங்கினார்கள். 1968-ல் இணைந்த கம்பெனி 1970-ல் திவால். பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு அரசுப் பணம் ஒதுக்க வேண்டி வந்தது.

குறிப்பில் கம்பெனியின் வகுப்பையும் (வருமான அளவுப்படி பிரிப்பது) சேருங்கள். மூன்றாம் வகுப்புச் சிறு கம்பெனிகள் இரண்டு தங்களுக்குள் இணைந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இரண்டாம் வகுப்பு மூன்றாம் வகுப்போடு இணைந்தால் அதிகபட்சம் ஒரு வருடச் சம்பள இழப்பீடு மட்டும்.