மிசினேபி ஏரிக்குப் போகுமுன்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியவை

கவிதா: சித்தப்பா, ஓகஸ்ட் கடைசியில் வடக்கு ஒன்ராறியோவின் மிசினேபி ஏரிக்குப் போவது உறுதிதானே? பார்க்லி பே முகாமில் மின்சாரமும் குளியலறையும் கிடையாது, குழிக் கழிப்பறை மட்டும்தான் என்று நிரோஷன் சொல்கிறான். சின்னப் பிள்ளைகளோடு அங்கே சமாளிக்க முடியுமா?

ரவி சித்தப்பா: தாராளமாக முடியும், பிள்ளை. சாப்லோ ஊரைத் தாண்டினால் 80 கிலோமீற்றருக்கு மேல் சரளைக்கல் பாதைதான். வழியில் கடை எதுவும் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, பெற்றோல், ஐஸ், பிள்ளைகளின் மருந்து எல்லாவற்றையும் ஊரிலேயே வாங்கிவிட வேண்டும். மே நடுவிலிருந்து கறுப்பு ஈக்களும் அதைத் தொடர்ந்து நுளம்புகளும் அந்தக் காட்டில் மனிதரை இருக்க விடாது என்பதாலேயே ஓகஸ்ட் கடைசியைத் தெரிவுசெய்தேன். ஆனால் இரவில் நன்றாகக் குளிரும். கம்பளிச் சட்டையும் தொப்பியும் எல்லோருக்கும் வேண்டும்.

மாலா மாமி: ரவி, கரடி வருமா? அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரவி சித்தப்பா: மச்சாள், அது 1925இல் அமைக்கப்பட்ட சாப்லோ வனவிலங்குக் காப்பகத்துக்குள் இருக்கும் ஏரி. அங்கே வேட்டைக்குத் தடை என்பதால் மூஸ் என்ற பெரிய மானும் கருங்கரடியும் தாராளமாக வாழ்கின்றன. கரடியை இழுப்பது உணவின் மணம். ஆகவே சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம், குப்பை எல்லாம் இரவில் வாகனத்துக்குள் பூட்டியிருக்க வேண்டும். மீன் பொரித்த உடுப்போடு யாரும் கூடாரத்துக்குள் படுக்கக் கூடாது.

நிரோஷன்: ஏரித் தண்ணீரைக் குடிக்கலாமா, சித்தப்பா?

ரவி சித்தப்பா: எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்காதே. பீவர் போன்ற விலங்குகளின் கழிவிலிருந்து ஜியார்டியா என்ற குடற்கிருமி கலந்திருக்கலாம். நன்றாகக் கொதித்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுத்தான் ஆறவைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய கவலை தீயைப் பற்றியது. அங்கே பாறையின் மேல் கிடப்பது மெல்லிய மண்தான். குளிர் காரணமாக முழுதாக மக்காத ஊசியிலைகளும் பாசியும் வேர்களும் அதில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஒரு கங்கு அதற்குள் இறங்கிவிட்டால், மேலே புகைகூடத் தெரியாமல் நாள்கணக்கில் உள்ளேயே கனன்று, நாங்கள் ரொறன்ரோ திரும்பிய பிறகு வேறோர் இடத்தில் தீயாக எழக்கூடும். ஜாக் பைன் மரத்தின் பிசின் மூடிய கூம்புகள் தீயின் வெப்பத்தில்தான் பெரும்பாலும் திறந்து விதை சிந்தும் என்பது உண்மை; மின்னலால் வரும் தீயோடு அந்தக் காடு காலங்காலமாக வாழ்ந்திருக்கிறது. அதற்காக எங்கள் கவனக்குறைவையும் அது தாங்க வேண்டுமா? நெருப்பு மூட்ட முகாமில் வைத்திருக்கும் தீவளையத்துக்கு வெளியே ஒரு குச்சியும் எரியக் கூடாது. புறப்படும் முன் ஒன்ராறியோவின் தீத்தடை அறிவிப்பைப் பார்ப்போம். தடை இருந்தால் விறகு வேண்டாம், எரிவாயு அடுப்பிலேயே சமைப்போம்.

மாலா மாமி: எங்கள் வீட்டுப் பின்வளவில் வெட்டிய விறகு கிடக்கிறதே, அதைக் கொண்டு வரட்டுமா?

ரவி சித்தப்பா: வேண்டாம், மச்சாள். ஆஷ் (ash) என்ற மரங்களை அழிக்கும் பச்சை வண்டு விறகோடும் ஊர்விட்டு ஊர் பரவியது. அந்தப் பகுதியிலேயே வாங்குவோம்.

நிரோஷன்: நெருப்பை அணைக்கும் பொறுப்பை எனக்குத் தாருங்கள்.

ரவி சித்தப்பா: சரி, தம்பி. தண்ணீர் ஊற்று, சாம்பலைக் கிளறு, மறுபடியும் ஊற்று. புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டப் பிடித்தால் சூடே தெரியாத வரைக்கும் இதைச் செய். அதற்கு முன் யாரும் படுக்கப் போக வேண்டாம்.

கவிதா: ஏரிக்கரையில் இருக்கும் ஃபெயரி பாயிண்ட் பாறை ஓவியங்களைப் பார்க்கப் போவோமா?

ரவி சித்தப்பா: கட்டாயம். பிற்பகலில் காற்று எழுந்தால் பெரிய ஏரியில் கனூப் படகு தாங்காது. ஆகவே காலையிலேயே, எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்து போவோம். செங்காவியால் முதற்குடி மக்களின் முன்னோர் தீட்டியவை அவை, இன்றும் அவர்களுக்குப் புனிதமானவை. கையால் தொடவோ தண்ணீர் தெளிக்கவோ கூடாது என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வை.

கவிதா: சொல்கிறேன், சித்தப்பா. இன்றிரவே முன்பதிவு செய்கிறேன். இரண்டு வாகனங்களின் இலக்கத்தகட்டு எண்களையும் அனுப்பிவிடுங்கள்.