லர்க்கருக்குத் தமிழில் என்ன பெயர்?

பொருள்: லர்க்கர் – சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

குழு உரையாடலுக்கான கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இழை, இடுகை, மறுமொழி, மட்டுறுத்துநர் எல்லாம் எப்போதோ சண்டை போட்டு முடித்த சொற்கள் என்பதால் அவற்றில் கைவைக்கவில்லை. ஒரே ஒரு வரி மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது. ஒவ்வோர் இழையின், அதாவது ஒரு பொருளைப் பற்றிய உரையாடல் தொடரின், அடியிலும் இரண்டு எண்கள் வரும்: எழுதியவர்கள் 7, லர்க்கர்கள் 40. குழுவில் சேர்ந்திருப்பார், இழையைத் திறப்பார், கடைசி வரை வாசிப்பார், ஓர் எழுத்தும் எழுதமாட்டார். அவர்தான் லர்க்கர்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் 'பதுங்குபவர்கள்' என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளே அதுதான். ஆனால் புலி பதுங்குவது பாய்வதற்கு என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். 'பதுங்குபவர்கள் 40' என்று திரையில் பார்க்கிறவர், இந்த நாற்பது பேரும் யார் மீது பாயப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

மூன்று நிபந்தனைகள். பன்மை விகுதியோடு சேர்த்து 12 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் கைப்பேசித் திரையில் வரி உடைகிறது. செயலையும் சொல்ல வர வேண்டும். மூன்றாவதுதான் கடினம்: நெடுநாள் சும்மா இருந்தவர் முதன்முதலாக எழுதுவதற்கு 'டீலர்க்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதுவும் இதே வேரிலிருந்து முளைத்தால் நல்லது.

–––

மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

பார்வையாளர். முடிந்தது வேலை.

–––

மறு: மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

முடியவில்லை, ஐயா. குழுவில் சேராமல் வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். இவர் உறுப்பினர். கடவுச்சொல் வைத்திருக்கிறார், வாக்கெடுப்பு நடந்தால் வாக்களிக்கக்கூட உரிமை உண்டு. எழுதமாட்டார், அவ்வளவுதான்.

–––

மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

தம்பிக்கு,

புதுச் சொல் எதற்கு? பழையது ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது.

தொல்காப்பியர் செய்யுளியலின் தொடக்கத்தில் செய்யுளின் உறுப்புகளை அடுக்குகிறார். மொத்தம் 34. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று போகும் அந்த வரிசையில் 'கூற்று' வருகிறது. அதாவது யார் பேசுகிறார் என்பது. அதற்கு அடுத்தபடியே வருவது 'கேட்போர்'. பேசுகிறவனைப் போலவே கேட்கிறவரும் செய்யுளின் உறுப்பு என்று அவர் கருதியிருக்கிறார். தோழி பேசும்போது வேலிக்கு அப்பால் தலைவன் நிற்கிறான் என்பது தெரியாவிட்டால் அந்தப் பாட்டுக்குப் பாதிப் பொருள் போய்விடும். அவன் வாயைத் திறப்பதில்லை. ஆனால் பாட்டே அவன் காதில் விழுவதற்காகத்தான்.

நம் இழைகளும் அப்படித்தானே? நான் உங்களுக்கு மறுமொழி எழுதுவதுபோல எழுதினாலும், பாதி நேரம் வேலிக்கு அப்பால் நிற்கிறவருக்காகத்தான் எழுதுகிறேன். ஆகவே 'கேட்போர்'. நான்கே எழுத்து. உங்கள் திரைக்கும் உறுத்தாது.

–––

மறு: மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

> ஆகவே 'கேட்போர்'.

ஐயா, மேற்கோள் அருமை. இரண்டு முறை படித்தேன். ஆனால் தமிழில் 'கேள்' என்ற ஒரே வினை காதுக்கும் உண்டு, வாய்க்கும் உண்டு. உதவிக் குழு ஒன்றில் 'கேட்போர் 40' என்று எழுதினால் நாற்பது பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்றுதான் எவரும் படிப்பார்கள். ஒன்றும் கேட்காதவருக்குக் 'கேட்போர்' என்று பெயர் வைத்துவிட்டு அப்புறம் யாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது?

வேலிக்கு அப்பால் என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு 'ஓரத்தார்' தோன்றியது. எழுதும்போதே அழித்துவிட்டேன். மன்றத்தில் ஓரம் சொல்வது என்றால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்வது. 'கரையோர்' என்றும் யோசித்தேன். ஓர் எழுத்து மாறினால் அது ஒரு சமூகத்தின் பெயர். அதுவும் வேண்டாம்.

–––

மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

சொல்லுக்குப் போவதற்கு முன்னால் ஆளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? இந்த நாற்பது பேர் ஏன் எழுதுவதில்லை என்பதைத் தேடியவர்கள் இருக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டில் பிளேர் நானெக்கி, ஜென்னி பிரீஸ் இருவரும் மின்னஞ்சல் குழுக்களை எடுத்துக்கொண்டு, எழுதாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். உடல்நலக் குழுக்களில் சராசரியாக 46 விழுக்காடு அளவில்தான் வந்தது. மென்பொருள் உதவிக் குழுக்களில் 82. எல்லாக் குழுவுக்கும் ஒரே விகிதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய 90-9-1 என்ற கணக்கைத்தான் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள்: தொண்ணூறு பேர் வாசிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர் எழுதிக் குவிப்பார். கைக்கு அடக்கமான கணக்கு, அதனாலேயே எனக்கு அதன் மீது கொஞ்சம் சந்தேகம். நோயோடு இருக்கிறவர்கள் அதிகம் பேசுகிறார்கள் என்ற முதல் கணக்கில்தான் மனிதர்கள் தெரிகிறார்கள்.

அதே ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதாததற்கான முதல் ஐந்து காரணங்கள் இருக்கின்றன. எழுதத் தேவை ஏற்படவில்லை என்பது முதலாவது. குழுவை இன்னும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, எழுதாமல் இருப்பதே குழுவுக்குச் செய்யும் உதவி, மென்பொருளைக் கையாளத் தெரியவில்லை, குழுவைப் பிடிக்கவில்லை என்பவை மற்ற நான்கு. ஒளிந்திருந்து பார்க்க வேண்டும் என்பது இந்த ஐந்தில் இல்லவே இல்லை.

போதாததற்கு, 1995 அக்டோபரில் வெளியான இணைய நடத்தை வழிகாட்டி, ஆர்எஃப்சி 1855, ஒரு குழுவில் எழுதுவதற்கு முன்னால் ஒன்றிரண்டு மாதம் வாசியுங்கள் என்றே சொல்கிறது. புதிதாக வருகிறவரைச் 'சும்மா இரு' என்று சொல்லிவிட்டு, அப்படி இருந்ததற்காகப் 'பதுங்குபவர்' என்று பெயரும் வைத்தால் எப்படி?

என்னிடம் சொல் எதுவும் இல்லை. காரணத்தைத் தலையில் சுமத்தாத சொல்லாகப் பாருங்கள் என்பதுதான் வேண்டுகோள். 'எழுதாதவர்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. நீந்துகிறவரைப் 'பறக்காதவர்' என்று சொல்வதைப் போல இருக்கிறது.

–––

மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

தம்பிக்கு,

'கேட்போர்' போனால் போகட்டும். இன்னொன்று தருகிறேன்.

மணிமேகலையின் முப்பதாம் காதையில், வினாவுக்கு விடை சொல்லும் வகை நான்கு என்று வருகிறது. துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. ஆகாயப் பூ பழையதா புதியதா என்று ஒருவன் கேட்டால் பேசாமல் இருக்க வேண்டும். அந்தப் பேசாமையும் விடைதான். நம் குழுவில் வாரம் ஓர் ஆகாயப் பூவாவது பூக்கிறது. அதற்கெல்லாம் சரியான விடை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அந்த நாற்பது பேர்தாம்.

'வாய்வாளார்'. தூய தமிழ், ஐந்தே எழுத்து.

–––

மறு: மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

> 'வாய்வாளார்'. தூய தமிழ், ஐந்தே எழுத்து.

வீட்டில் மகனிடம் படித்துக் காட்டினேன். "வாயில் வாள் வைத்திருப்பவரா?" என்று கேட்டான். சும்மா இருப்பவருக்கு இதைவிடப் பெரிய அவதூறு கிடையாது.

–––

மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் குழுவில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுதான் என் முதல் மடல். என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் எழுதலாம் என்று தோன்றியது.

மருத்துவக் கருவிகளின் கையேடுகளைத் தமிழில் பெயர்ப்பது என் தொழில். இங்கே நீங்கள் அடித்துக்கொண்டு முடிவு செய்யும் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வேன். மூன்றாவது நோட்டு நடக்கிறது. உங்களில் சிலர் மறந்தே போயிருக்கக்கூடிய சொற்கள் கருவியோடு அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

எழுத நினைக்காமல் இல்லை. சென்சாருக்கு 'உணரி'யா 'உணர்வி'யா என்று நீங்கள் பத்து நாள் விவாதித்தபோது ஒரு மடல் எழுதி பார்த்தேன். முதல் பத்தி நீளமாகத் தெரிந்தது, வெட்டினேன். வெட்டியதும் மிச்சம் இருந்தது திமிராகப் பேசுவதுபோலத் தெரிந்தது, அதனால் 'எனக்குத் தோன்றுவது' என்று முன்னால் சேர்த்தேன். இரவு வைத்துவிட்டுக் காலையில் வந்தால், நான் சொல்ல நினைத்ததை வேறொருவர் என்னைவிட நன்றாகச் சொல்லியிருந்தார். மகிழ்ச்சியாகவே மூடிவிட்டேன். அன்று எனக்குப் பயமும் இல்லை, குறையும் இல்லை.

பெயர் என்று கேட்டால், நான் என்னை மௌன வாசகி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாசகர் கடிதங்களில்கூட 'நெடுநாள் மௌன வாசகன் எழுதுவது' என்று தொடங்குகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று புரியாமல்தான் எழுதினேன்.

–––

மறு: மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

> ஒரு மடல் எழுதி பார்த்தேன்.

எழுதிப் பார்த்தேன். இகர ஈற்று வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும்.

–––

மறு: மறு: மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

ஐயா! ஆறு ஆண்டுக்குப் பிறகு ஒருவர் வாயைத் திறக்கிறார். அவருக்கு நாம் கொடுத்த முதல் வரவேற்பு ஒரு 'ப்'. ஆய்வாளர்களின் ஐந்து காரணங்களோடு ஆறாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

–––

மறு: மறு: மறு: மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

கை ஓடிவிட்டது. நாற்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய கை. அம்மா, மன்னியுங்கள். நோட்டு மூன்றையும் ஒருநாள் தட்டச்சு செய்து அனுப்ப முடியுமா? ஒற்றுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டால் மட்டும்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மௌனமும் வடசொல், வாசகரும் வடசொல். 'அமைதி வாசகர்' என்றாவது பாதி மீட்கக் கூடாதா?

–––

மறு: லர்க்கர் – சொல் வேண்டும்

நண்பர்களே,

ஐயாவின் கேள்வியோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அதற்கான விடை, எதிர்பார்க்காத இடத்தில், மூன்றாவது நிபந்தனையிலிருந்து வந்தது. 'டீலர்க்'கைத்தான் சொல்கிறேன்.

மௌன வாசகர் முதன்முதலாக எழுதினால் அதை நாம் எப்படிச் சொல்வோம்? மௌனம் கலைத்தார் என்போம். ஆக்கவே வேண்டாம்; தினமும் செய்தித்தாளில் வரும் தொடர். இப்போது 'அமைதி'யை வைத்துப் பாருங்கள். அமைதி வாசகர் எழுதினால் அவர் அமைதியைக் கலைத்தவர் ஆகிறார். முதல் மடல் எழுதியவரை, ஊர் அமைதிக்குப் பங்கம் விளைவித்தவராக அறிவிப்புப் பலகையில் ஏற்றுகிறோம். தமிழில் மௌனம் கலைத்தால் வரவேற்பு, அமைதி கலைத்தால் வழக்கு. ஐயா இதை மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

காரணம் சுமத்தாத சொல் வேண்டும் என்று கேட்டவருக்கும் இது ஒத்துவரும். தேவை இல்லாதவரும் மௌனமாக இருக்கலாம், தயங்குகிறவரும் இருக்கலாம், குழுவைப் பிடிக்காதவரும் இருக்கலாம். எழுத்து எண்ணிக்கையும் பார்த்துவிட்டேன்: 'மௌன வாசகர்கள்' எட்டு எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. 'வாசகர்' என்று மட்டும் போடலாமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். எழுதுகிற ஏழு பேரும் வாசகர்கள்தான் (அப்படி நம்புகிறேன், சில மறுமொழிகளைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது). அடைமொழி இல்லாமல் கணக்கு நிற்காது.

ஆகவே மென்பொருளில் இப்படி ஏற்றுகிறேன்:

லர்க்கர் – மௌன வாசகர்
லர்க் செய்தல் – மௌனமாக வாசித்தல்
டீலர்க் – மௌனம் கலைத்தல்

'மவுனம்' என்று எழுதலாமா என்று கேட்டு ஒரு மடல் வந்திருக்கிறது. எழுதலாம், இலக்கணம் இடம் தருகிறது. இருந்தாலும் ஒரே கோப்பில் இரண்டு வடிவம் இருந்தால் தேடல் குழம்பும் என்பதால் 'மௌ' என்றே வைத்துக்கொள்கிறேன்.

தேடல் என்றதும் ஒரு வேண்டுகோள். தட்டச்சு செய்யும்போது ஔகாரக் குறியைப் போடுங்கள். ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தைத் தட்டினாலும் திரையில் அதேபோலத்தான் தெரியும். கணினிக்கு அது 'மெ', 'ள' என்ற இரண்டு எழுத்து, தேடினால் அகப்படாது. யாரையும் குறை சொல்லவில்லை. இன்று காலை என் கோப்பில் தேடினேன். நானே மூன்று இடத்தில் 'ள' போட்டுவைத்திருக்கிறேன்.