குழப்பும் ஆங்கிலச் சொல் இணைகள்: மனப்பாடம் செய்யாமல் கற்பிக்க வழி உண்டா?

கேள்வி: திருப்பூர் வாசகர்

வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். புதிதாகச் சேரும் மெர்ச்சண்டைசர்களுக்கு (ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியர்களுக்கு), வெளிநாட்டு பையர்களுக்கு (சரக்கை வாங்குபவர்களுக்கு) ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதப் பழக்குவது என் பொறுப்புகளில் ஒன்று. பெரும்பாலும் தமிழ்வழியில் பயின்ற, அறிவும் உழைப்பும் நிறைந்த பிள்ளைகள் அவர்கள். இலக்கணப் பிழைகளைவிட, ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சொற்களில் எதைப் போடுவது என்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ரைஸ், ரெய்ஸ், அஃபெக்ட், எஃபெக்ட், பை, அன்டில், பிரின்சிபல், பிரின்சிபிள் என்று இந்தப் பட்டியல் நீள்கிறது.

கடைகளில் கிடைக்கும் கையேடுகள் இவற்றை அகரவரிசையில் நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருளும் ஓர் எடுத்துக்காட்டும் தருகின்றன. படிக்கும்போது புரிவது, எழுதும்போது நினைவுக்கு வருவதில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதேனும் ஒன்றோடு இணைத்து இச்சொற்களைக் கற்பிக்க வழி இருக்கிறதா? ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு, நீங்கள் தேடும் ‘ஏற்கெனவே தெரிந்த ஒன்று’ அந்தப் பிள்ளைகளின் தாய்மொழியிலேயே இருக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பார்கள். திருந்தினான், திருத்தினான், வருந்தினாள், வருத்தினாள், உயர்ந்தது, உயர்த்தியது. முதலாவதில் செயல் தானாக நிகழ்கிறது. இரண்டாவதில் ஒருவர் அதை நிகழ்த்துகிறார். எழுதப் படிக்கத் தெரியாத தமிழரும் இந்த வேறுபாட்டில் தவறுவதில்லை. ஆங்கிலத்தில் மாணவர்களை அலைக்கழிக்கும் பல இணைகள் இதே வேறுபாட்டைத்தான் காட்டுகின்றன.

ரைஸ் என்பது உயர்தல், ரெய்ஸ் என்பது உயர்த்துதல். ‘நூல் விலை உயர்ந்துள்ளது’ என்பதை ‘யார்ன் பிரைசஸ் ஹேவ் ரிசன்’ என்றும், ‘எங்கள் விலையை உயர்த்தியுள்ளோம்’ என்பதை ‘வி ஹேவ் ரெய்ஸ்ட் அவர் பிரைசஸ்’ என்றும் எழுத வேண்டும். உங்கள் தொழிலில் இந்த வேறுபாடு சிறியதன்று. முதல் வாக்கியம் சந்தை நிலவரத்தைச் சொல்கிறது. இரண்டாவது, உயர்த்தியவர் யார் என்பதையும் சொல்கிறது. அதைப் படிக்கும் பையர் தரக்கூடிய பதிலும் அதற்கேற்ப மாறும்.

லை, லே என்ற இணையும் இவ்வகையே: கிடத்தல், கிடத்துதல். மேசைமேல் புத்தகம் தானே கிடப்பதால் ‘த புக் இஸ் லையிங் ஆன் த டேபிள்’ என்பதே சரி. கோழி முட்டையை இடுகிறது. அங்கே செயப்படுபொருள் இருப்பதால் லே. இந்த இணை ஆங்கிலேயரையே குழப்புவதற்குக் காரணம், ‘கிட’ என்னும் பொருள்படும் லை என்பதன் இறந்தகாலமும் லே என்றே அமைந்திருப்பதுதான். லை, லே, லெய்ன் என்பது கிடத்தலின் வரிசை. லே, லெய்ட், லெய்ட் என்பது கிடத்துதலின் வரிசை. பொய் சொல்லுதல் என்ற பொருளில் வரும் லை தனிச்சொல். அதன் இறந்தகாலம் லைட் என்று ஒலிக்கும். இம்மூன்று வரிசைகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் கிட, கிடத்து, பொய் சொல் என்று தமிழில் குறித்துவிடுங்கள்.

இந்த ஒற்றுமைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. பழைய ஜெர்மானிய மொழிகளில் பிறவினை ஆக்குவதற்கென்றே ஒரு விகுதி இருந்தது. காலப்போக்கில் அந்த விகுதி தேய்ந்து மறைந்துவிட, சொல்லுக்குள் மாறிய உயிரொலி மட்டும் தங்கிவிட்டது. சிட் என்றால் உட்கார், செட் என்றால் இருத்து. ஃபால் என்றால் விழு, மரத்தை வெட்டி வீழ்த்துவது ஃபெல். ஆங்கிலம் பெரிதும் இழந்துவிட்ட ஒரு முறை தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது, அவர்களிடம் உள்ள அச்சம் குறைவதைப் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன்.

லேர்ன், டீச் என்பவற்றைக் கற்றல், கற்பித்தல் என்றும், ரிமெம்பர், ரிமைண்ட் என்பவற்றை நினைவுகூர்தல், நினைவூட்டுதல் என்றும் பிரித்துக் காட்டுங்கள். இம்ப்ளை, இன்ஃபர் என்ற இணைக்கு உணர்த்துதல், உய்த்துணர்தல் என்பவை அளவெடுத்ததுபோலப் பொருந்தும். எழுதுபவர் குறிப்பாக உணர்த்துகிறார்; படிப்பவர் அதை உய்த்துணர்கிறார்.

மறுமொழி 2: மொழிபெயர்ப்பாளர், மதுரை

ஆசிரியர் ஐயா கூறியதோடு, காலத்தைக் குறிக்கும் சொற்களையும் சேர்க்க விரும்புகிறேன். வணிகக் கடிதங்களில் பண இழப்புக்கே வழிவகுக்கக்கூடியவை இவை. பை, அன்டில் என்ற இரண்டையும் தமிழ் மிகத் தெளிவாகப் பிரிக்கிறது: ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றால் பை, ‘வெள்ளிக்கிழமை வரை’ என்றால் அன்டில். சரக்கை வெள்ளிக்குள் அனுப்புவதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அன்டில் என்று எழுதினால், வெள்ளி வரை தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருப்போம் என்ற பொருள் வந்துவிடும். ஒரு முறை நடந்து முடியும் செயலுக்குப் பை. ஓர் எல்லைவரை நீடிக்கும் நிலைக்கு அன்டில். ‘க்குள்’ என்பதற்கு முன்னால் நிற்பது ஒரு நாளாக இல்லாமல் கால அளவாக இருந்தால், அதாவது ‘ஒரு வாரத்திற்குள்’ என்பது போன்ற இடங்களில், விதின் என்று எழுத வேண்டும்.

சின்ஸ், ஃபார் இரண்டுக்கும் இதேபோல ‘2015 முதல்’, ‘பத்து ஆண்டுகளாக’ என்ற உருவங்கள் உள்ளன. சின்ஸ் தொடக்கப் புள்ளியைச் சொல்கிறது. ஃபார் கால நீளத்தைச் சொல்கிறது. ஆனால் இங்கே தமிழ் ஒரு பக்கம் உதவி, மறுபக்கம் இடறவும் செய்கிறது. நாம் ‘2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்றே வர வேண்டும். ஆகவே சொல்லைச் சரியாகத் தேர்ந்த பிறகும் வினை வடிவத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஃப்யூ, எ ஃப்யூ என்ற நுட்பமான இணைக்கும் நம் ஏகாரம் கைகொடுக்கிறது. ‘சிலர் வந்தனர்’ என்றால் எ ஃப்யூ. ‘சிலரே வந்தனர்’ என்று குறைபட்டுச் சொன்னால் வெறும் ஃப்யூ.

மறுமொழி 3: அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர்

மேலே உள்ள இரண்டு விளக்கங்களும் அருமை. ஆயினும் எல்லா இணைகளையும் தமிழைக் கொண்டு தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். தமிழில் ஒரே சொல் பரந்த பொருளில் வழங்கும் இடங்களில் இந்தத் துணை கிடைக்காது. ‘கேட்டேன்’ என்ற ஒரு சொல், வினவினேன், காதில் விழுந்தது, கவனித்துக் கேட்டேன் என்ற மூன்றையும் குறிக்கும்; ஆங்கிலத்தில் அவை ஆஸ்க், ஹியர், லிசன் என்று மூன்றாகப் பிரியும். ‘பார்’ என்பதும் அப்படியே சீ, லுக், வாட்ச் என்று பிரிகிறது. ‘சொல்’ என்பதற்குச் சே, டெல் என்ற இரண்டு இருக்க, டெல் பெரும்பாலும் யாரிடம் சொன்னோம் என்பதைத் தன்னை அடுத்து நிறுத்திக்கொள்கிறது: ‘ஹி டோல்ட் மி’, ஆனால் ‘ஹி செட் டு மி’. இவற்றை வாக்கியங்களில் பலமுறை கண்டும் எழுதியும்தான் பழக வேண்டும்.

ஒலியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அறிவுரை என்னும் பெயர்ச்சொல்லும் அறிவுரை கூறு என்னும் வினைச்சொல்லும் தமிழ் எழுத்தில் ‘அட்வைஸ்’ என்று ஒன்றாகவே தெரியும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பாம்பு சீறுவதுபோல் முடியும். அதன் எழுத்து சி. வினைச்சொல் வண்டு முரல்வதுபோல் அதிர்ந்து முடியும். அதன் எழுத்து எஸ். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் இரண்டாவதில் அதிர்வு தெரியும். ‘தளர்ந்த’ என்று பொருள்படும் லூஸ், ‘இழ’ என்று பொருள்படும் லூஸ் இரண்டுக்கும் இதே சோதனை போதும்: அதிர்ந்து முடிவதுதான் இழத்தல், அதற்கு ஓ என்ற எழுத்து ஒன்றே வரும்.

பிரிட்டிஷ் முறையில் பிராக்டிஸ், லைசென்ஸ் ஆகியவையும் பெயராக வரும்போது சி, வினையாக வரும்போது எஸ் என்றே எழுதப்படுகின்றன; இங்கே ஒலி வேறுபாடு கிடையாது. அமெரிக்க முறையில் பிராக்டிஸ் இரண்டுக்கும் சி, லைசென்ஸ் இரண்டுக்கும் எஸ். பையர் எந்த நாட்டவர் என்று பார்த்து, ஒரு கடிதத்துக்குள் ஒரே முறையைக் கையாள்வது நல்லது.

அஃபெக்ட் பெரும்பாலும் வினை, எஃபெக்ட் பெரும்பாலும் பெயர். பாதித்தல், விளைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எஃபெக்ட் வினையாகவும் வரும் என்பதை ஏற்றுமதித் துறையினர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ‘எஃபெக்ட் பேமெண்ட்’ என்றால் பணத்தைச் செலுத்துதல். அந்த இடத்தில் பிழை என்று கருதி அஃபெக்ட் என்று ‘திருத்தி’விட்டால் வாக்கியம் கெட்டுவிடும்.

பிரின்சிபல், பிரின்சிபிள் என்ற இணைக்கு மட்டும் நான் மீண்டும் தமிழிடமே போவேன். கல்லூரியின் முதல்வர், கடனில் வட்டி நீங்கிய முதல், முதன்மையான காரணம் என்று ‘முதல்’ என்னும் வேரில் சொல்ல முடிகிற அனைத்தும் ஏ, எல் என்று முடியும் பிரின்சிபல். கொள்கை, நெறி, கோட்பாடு என்றால் எல், ஈ என்று முடியும் பிரின்சிபிள்.

இட்ஸ் என்பதில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) இடுவதா வேண்டாமா என்ற ஐயத்துக்கு ஒரே சோதனைதான்: அந்த இடத்தில் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படிக்க முடிந்தால் குறி இட வேண்டும்; முடியாவிட்டால் இடக் கூடாது. ஹிஸ், ஹெர்ஸ் ஆகியவற்றுக்கும் குறி இல்லை என்பதை நினைவூட்டினால் போதும்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிட, கிடத்து என்ற தலைப்புகளோடு ஒரு பலகை எழுதத் தொடங்கிவிட்டேன். இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். சாம்பிள்களை ‘எடுத்து வருகிறோம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் பிரிங் போடுவதா, டேக் போடுவதா என்று எங்கள் பிரிவில் அடிக்கடி விவாதம் எழுகிறது. நாம் இங்கிருந்து புறப்பட்டுப் போகிறோம், ஆகவே டேக் என்பதே சரி என்று சிலர் வாதிடுகிறார்கள்.

மறுமொழி 4: தமிழ் இலக்கண ஆய்வு மாணவி

ஐயா, இந்த விவாதத்தைத் தொல்காப்பியத்தைக் கொண்டே தீர்த்துவிடலாம். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு, ‘தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீரிடத்த’ என்கிறார் தொல்காப்பியர். வருதல், தருதல் என்பவை பேசுபவர் இருக்கும் இடத்தையும் கேட்பவர் இருக்கும் இடத்தையும் நோக்கியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. அதனால்தான், நாம் புறப்பட்டுப் போவதாக இருந்தாலும், எதிரில் இருப்பவரிடம் ‘நாளை உங்கள் வீட்டுக்குப் போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘வருகிறேன்’ என்றே சொல்கிறோம்.

ஆங்கிலத்தின் கம், கோ ஆகியவையும் இதே ஒழுங்கில் நடக்கின்றன. கம் செல்லும் வழியில் பிரிங் செல்லும், கோ செல்லும் வழியில் டேக் செல்லும். எனவே பையரின் அலுவலகத்துக்குச் செல்வதை அவருக்கே எழுதும்போது, ‘வி வில் கம் டு யுவர் ஆஃபிஸ் ஆன் மண்டே அண்ட் பிரிங் த சாம்பிள்ஸ்’ என்று எழுதலாம். அதே சாம்பிள்களைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துச் செல்வதை அவருக்குத் தெரிவிக்கும்போது, அது உங்கள் இடமும் அன்று, அவர் இடமும் அன்று என்பதால் டேக் என்று எழுதுங்கள். அவரும் அந்த நேரத்தில் சோதனைக்கூடத்தில் இருக்கப் போகிறார் என்றால், அந்த இடம் முன்னிலையாகிவிடுவதால் அங்கும் பிரிங் பொருந்தும்.