ஒரே ஒரு சாட்சியை வைத்து வழக்கு, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, அவசரமாக ஒரு உதவி வேண்டும்.

என் நண்பனின் தம்பி மேல் வழிப்பறி வழக்கு. சம்பவம் நடந்த நேரத்தில் அவன் இரவு ஷிஃப்டில் இருந்தான். மொத்த வழக்கும் ஒரே ஒரு சாட்சியின் பேச்சில்தான் நிற்கிறது, அந்தச் சாட்சியிடம் விசாரணை அதிகாரி செல்போனில் இவன் படம் ஒன்றை மட்டும் நீட்டி "இவன்தானே?" என்று கேட்டிருக்கிறார். முதல் வாக்குமூலத்தில் "இவன் மாதிரி இருக்கு" என்றவர், இரண்டாவதில் "இவனேதான்" என்கிறார்.

சாட்சி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கேட்டால் நினைவே மாறிவிடலாம். அமெரிக்காவில் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் ரொனால்ட் காட்டன் என்பவரைப் பாதிக்கப்பட்ட பெண்ணே உறுதியாக அடையாளம் காட்டி, 1985இல் தண்டனையும் கிடைத்தது. குற்றவாளி வேறு ஆள் என்று டிஎன்ஏ சோதனையில் தெரிந்து அவர் வெளியே வந்தது 1995இல். எங்கள் வழக்கில் டிஎன்ஏவும் கிடையாது, அதுதான் பயமாக இருக்கிறது.

வேலை செய்யும் இடத்து சிசிடிவி பதிவை எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டும் அதிகாரி எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் பழைய பதிவு மேல் புதியது ஏறி அழிந்துவிடும். எங்கள் வக்கீலோ நீதிமன்ற விசாரணை தொடங்கட்டும், பார்க்கலாம் என்கிறார்.

பதிவை அழியாமல் காக்க நீதிமன்றத்தில் இப்போதே மனு போட முடியுமா? இரண்டு வாக்குமூலங்களின் நகலையும் எப்படி வாங்குவது? அப்புறம், சாட்சியின் நினைவு பற்றிப் பேச நிபுணரை அழைத்த அனுபவம் உள்ள வக்கீல்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள்.