உச்சிப்புளிப் பூவரசில் ஓர் ஈரலுருத் தாவரம்

பாசிபோல் அப்பி வளரும் மாஸ் (moss) செடிகளுக்கு உறவான குட்டித் தாவரங்கள்தான் ஈரலுருத் தாவரங்கள் (liverworts). அவற்றில் இலையுள்ளவற்றைப் பார்க்கக் கொடைக்கானலுக்கோ வால்பாறைக்கோ போக வேண்டும் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். சீமைக் கருவேலம் மண்டிய இராமநாதபுரக் கரையில் தேடுவது வீண் வேலை என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு தேடினால் இங்கேயும் கிடைக்கிறது.

நான் பார்த்தது உச்சிப்புளிப் பக்கம், ஒரு தென்னந்தோப்புக் கிணற்றடியில் நிற்கும் கிழட்டுப் பூவரசில். கடல் காற்று மோதும் பக்கத்தில் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கனின் சாம்பல் நிறத் திட்டுகள் மட்டுமே. நிழல் விழும் மறுபக்கத்தில், பட்டை வெடிப்புகளை ஒட்டி, கருஞ்சிவப்பான மெல்லிய இழைகள் அப்பிக் கிடந்தன. அழுக்கு என்று கடந்துபோய்விடக்கூடிய தோற்றம். புட்டியிலிருந்து நாலு சொட்டு நீர் விட்டதும், சுருண்டிருந்த இலைகள் கண்முன்னே விரிந்துகொண்டன. தோப்புக்காரப் பெரியவர் பார்த்துவிட்டு, "தண்ணீர் ஊற்றுவதென்றால் வேரில் ஊற்று தம்பி" என்றார். நியாயம்தான்.

கைலென்ஸில் மேற்புறம் பார்த்தால் இரண்டு வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வட்ட இலைகள். மாஸ் இலைகள் பலவற்றில் தெரியும் நடுநரம்பு இதில் இல்லை. ஆனால் மேற்புறத்தை மட்டும் படமெடுத்து "இது என்ன?" என்று கேட்பதில் பயனில்லை, அடையாளம் முழுவதும் அடியில்தான் இருக்கிறது. இடுக்கியால் ஓர் இழையைப் புரட்டினேன். தண்டின் நடுவே மூன்றாவது வரிசையாகச் சிறிய அடியிலைகள், நுனி இரண்டாகப் பிளந்தவை. அவற்றின் இருபுறமும், ஒவ்வொரு பெரிய இலைக்கும் ஒன்றாக, கவிழ்த்த குல்லா போன்ற குட்டிப் பை. அது தண்டை ஒட்டினாற்போல், ஒரு சிறு இணைப்பில் நிற்கிறது. இது ஃப்ரூலேனியா (Frullania) என்ற பேரினம். இதன் உறவான லெஜூனியா (Lejeunea) என்றால் நிறம் வெளிர்பச்சையாக இருக்கும். பை தனித்து நிற்காமல் இலையின் அடியோரம் மடிந்து உண்டாகியிருக்கும். இன்னொரு உறவான கோலோலெஜூனியாவில் (Cololejeunea) அந்த மூன்றாவது வரிசையே கிடையாது.

அந்தப் பைகள் நீரைப் பிடித்து வைப்பவை. வீட்டில் நுண்ணோக்கியில் வைத்தபோது ஒரு பைக்குள் ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிர் ஒன்று வாயைச் சுழற்றிக்கொண்டிருந்தது. தாவரத்தை மறந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன். கள ஒளிப்படத்தை வைத்து இனப்பெயர் வரை எழுதிவிடுபவர்களை நான் நம்புவதில்லை. அதற்குச் செல் சுவரின் தடிப்பு, அடியிலைகளின் வடிவம், பெண் உறுப்பைச் சூழும் உறையின் விளிம்பு எல்லாம் பார்த்தாக வேண்டும். செல்களுக்குள் இருக்கும் எண்ணெய்த் திரள்கள் உலர்ந்தால் மறைந்துவிடும். அவற்றைப் பசுமையாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எடுப்பதானால் ஒரு சிட்டிகை போதும். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் மடித்து, எந்த மரம், எந்தத் திசை என்று மேலேயே எழுதுங்கள். ஃப்ரூலேனியா சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும், கையைக் கழுவிவிடுங்கள்.

மண்டபம், தேவிப்பட்டினம் பக்கம் பார்த்தவர்கள் இருந்தால், மரத்தின் பெயரையும் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.