ரெஸ்யூமின் உச்சியில் எழுதும் அந்த ஒரு வரி

பின்னலாடைக்காரன்:
வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை வாங்கியதிலிருந்து சரக்கு போகும்வரை பின்தொடர்பவராக, இருக்கிறேன். இப்போது பெங்களூருவில் உள்ள பையிங் ஹவுஸ்களில் (வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இங்கே உடுப்பு வாங்கித் தருபவை) வேலை தேடுகிறேன். கல்லூரி முடித்தபோது நண்பனைப் பார்த்து எழுதிய ‘சவாலான சூழலில் பணியாற்றி, நிறுவனத்தோடு சேர்ந்து வளர விரும்புகிறேன்’ என்ற குறிக்கோள் வரிதான் இன்னமும் என் ரெஸ்யூமின் உச்சியில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் ‘பெர்சனல் பிராண்ட் ஸ்டேட்மென்ட்’, அதாவது நான் யார், எதில் கைதேர்ந்தவன் என்று சொல்லும் ஒரு வரி, எழுதச் சொல்கிறார்கள். ‘கடின உழைப்பும் ஆர்வமும் மிக்க மெர்ச்சண்டைசர்’ என்று எழுதியிருக்கிறேன். இது போதுமா? என்னை நானே பிராண்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகவும் இருக்கிறது.

ஆளெடுப்பவள்:
நீங்கள் எழுதியிருப்பது உங்கள் பக்கத்து மேசைக்காரருக்கும் அப்படியே பொருந்தும். எந்த வகை உடுப்பு, எந்த நாட்டு பையர் (ஆர்டர் கொடுக்கும் நிறுவனம்), எந்தச் சிக்கல் வந்தால் உங்களைத் தேடுகிறார்கள் என்ற மூன்றும் அதில் இல்லை. லிங்க்டுஇன் தலைப்பு வரியில் 220 எழுத்துகள் வரை இடமுண்டு என்றாலும், தேடல் பட்டியலில் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும் என்பதால், பதவியையும் பொருளையும் முன்னால் வையுங்கள். நாங்கள் ‘மெர்ச்சண்டைசர்’ என்றுதான் தேடுகிறோம். ‘ஆர்வம்’ என்று யாரும் தேடுவதில்லை.

பழைய மெர்ச்சண்டைசர்:
கூச்சம் அந்தச் சொல்லால் வருவது. 1997-இல் நிர்வாகவியல் எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் ஓர் அமெரிக்க வணிக இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய பேச்சு அது. ‘குழந்தைகள் உடுப்பா, அவரிடம் கொடு’ என்று நம் ஊரில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார்களே, அதையே நீங்கள் எழுத்தில் வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்காணலில் கேள்வி வரும். ‘ஷிப்மென்ட் தேதி தவறாதவர்’ என்று நான் எழுதியிருந்தேன். உட்கார்ந்ததுமே, சாயப்பட்டறையில் துணி நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்றார்கள். கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியும் உடல் துணியும் தனித்தனியாகச் சாயமேறி நிறம் சேராமல் போன ஓர் ஆர்டரையும், அடுத்த ஆர்டரிலிருந்து இரண்டையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சேர்த்துச் சாயமேற்றும்படி, போடச் சொல்லி நின்று பார்த்ததையும் விவரித்தேன். அதன் பிறகு பேச்சு சம்பளத்துக்குப் போய்விட்டது.

பின்னலாடைக்காரன்:
இருவருக்கும் நன்றி. இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘மெர்ச்சண்டைசர், குழந்தைகள் பின்னலாடை, ஐரோப்பிய பையர்கள், ஏழு ஆண்டுகள், சாயமிடலில் வரும் தாமதத்தை முன்கூட்டியே கண்டு ஏர் ஷிப்மென்ட்டைத் தவிர்ப்பவர்.’ தாமதமானால் கப்பலுக்குப் பதில் அதிகச் செலவில் விமானத்தில் அனுப்புவதுதான் ஏர் ஷிப்மென்ட். ஒரேயொரு முறை மட்டும் சரக்கு அப்படி விமானத்தில்தான் போனது.

ஆளெடுப்பவள்:
அப்படியென்றால் ‘தவிர்ப்பவர்’ வேண்டாம், ‘குறைத்தவர்’ என்று போடுங்கள். அந்த ஒரு முறை ஏன் விமானத்தில் போனது என்பதையும் தயாராக வைத்திருங்கள், நிச்சயம் கேட்பார்கள்.