ஹேலி வால்வெள்ளி முத்திரைகள் அல்பத்தில் ஒட்டிவிட்டன, உதவுங்கள்

வணக்கம். ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். அப்பா சேர்த்த வானியல் முத்திரை அல்பத்தில் ஒரு பக்கம் அப்படியே ஒட்டிப்போய்விட்டது. பிரித்தானியா 1986இல் ஹேலி வால்வெள்ளிக்காக வெளியிட்ட நான்கு முத்திரைகள். பாவிக்காதவை, பின்பக்கப் பசையும் முழுதாக இருந்தது. அந்த வால்வெள்ளி இனி 2061இல்தான் வரும். அப்பா இப்போது இல்லை, அதனால் இவற்றை இழக்க மனசு வரவில்லை.

மே மாதம் மழை தொடங்கியபோது அலமாரியில் வைத்தது, போன கிழமைதான் திறந்தேன். அடுத்த பக்கத்தில் இருந்த இந்தியாவின் 1973 கொப்பர்நிக்கஸ் முத்திரை ஒட்டவில்லை, ஆனால் ஓரத்தில் மண்ணிறப் புள்ளிகள்.

பக்கத்தைப் பையில் போட்டு ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தேன். ஒன்றின் மூலை மட்டும் விட்டது. ஹெயார் டிரையர் பிடித்ததில் தாள் சுருண்டது, உடனே நிறுத்திவிட்டேன். அரிசி டின்னில் மூன்று நாள் வைத்தும் மாற்றமில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும், ஆனால் பசை போய்விடும். அதனால் அதை மட்டும் செய்யவில்லை.

ஈரப் பஞ்சு வைத்து மூடிய டப்பாவில், தண்ணீர் படாமல் பசையை இளக்கும் முறையை நம் மலையகக் குளிரில் செய்து பார்த்தவர்கள் எத்தனை மணித்தியாலம் வைத்தீர்கள்?